கேம் படங்களில் டிரான்ஸ்பரன்சி கோளாறுகள்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் – முழுமையான வழிகாட்டி

பச்சை உடம்பும் மஞ்சள் கூரையுமாக ஒரு பெங்களூரு ஆட்டோ. வெள்ளைப் பின்னணியில் வரைந்தாயிற்று, பின்னணியை அழித்தாயிற்று, எடிட்டரில் பின்னால், அங்கே எதுவும் இல்லை என்று காட்டும் சாம்பல் கட்டங்கள் தெரிகின்றன. அதைக் கேமுக்குள் கொண்டுபோய்த் தார்ச்சாலை மேல் நிறுத்தினால் ஆட்டோவைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு. அல்லது கறுப்புக் கோடு. அல்லது ஆட்டோ மொத்தமும் ஒரு வெள்ளைச் சதுரத்துக்குள் நிற்கிறது. அல்லது முன்கண்ணாடிக்குள் டிரைவர் தெரியவேண்டிய இடத்தில் சாலை தெரிகிறது.

இவை நான்கும் வெவ்வேறு கோளாறுகள். காரணமும் வேறு, மருந்தும் வேறு. ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் நான்குக்கும் ஒரே வைத்தியம்தான் செய்வார்கள்: ரப்பரை எடுத்து ஓரத்தை இன்னும் கொஞ்சம் அழிப்பது. அழிக்க அழிக்க ஆட்டோ இளைக்கும், கோடு அப்படியே இருக்கும். பெங்களூரின் அல்சூர், விவேக்நகர், ஈஜிபுரா பக்கத்தில் கேம் செய்யப் பழகும் நம் தமிழ்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இந்த இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முழுக்க அந்த ஒரு ஆட்டோவையே எடுத்துக்கொள்வோம். மென்பொருள் கிம்ப். இலவசம், எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப்பிலும் ஓடும். போட்டோஷாப்பில் வழி மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை இது: முழுக்க மறைந்த பிக்சலுக்கும் நிறம் உண்டு. ஒவ்வொரு பிக்சலிலும் நான்கு எண்கள் இருக்கின்றன. சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஆல்ஃபா 255 என்றால் முழுதாகத் தெரியும், 0 என்றால் தெரியவே தெரியாது. ஆனால் ஆல்ஃபா 0 ஆனதும் மற்ற மூன்று எண்களும் அழிந்துவிடுவதில்லை. வெள்ளையாக இருந்து மறைந்த பிக்சல் 255, 255, 255, 0. கறுப்பாக இருந்து மறைந்தது 0, 0, 0, 0. எடிட்டரில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கேமை ஓட்டி, படங்களைத் திரையில் வரையும் மென்பொருளான கேம் இன்ஜினுக்கு இரண்டும் ஒன்றல்ல. இதை மனதில் நிறுத்திக்கொண்டால் பாதிக் கோளாறுகளின் காரணம் தானாகவே விளங்கிவிடும்.

முதல் வேலை: கோளாறு எங்கே என்று பிரித்தறிதல்

எதையும் திருத்தும் முன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

ஒன்று, ஏற்றுமதி செய்த பிஎன்ஜி கோப்பையே மறுபடி கிம்பில் திறந்து பாருங்கள். நீங்கள் வேலை செய்த எக்ஸ்சிஎஃப் கோப்பை அல்ல, கேமுக்குப் போகும் அதே கோப்பை. அதில் வெள்ளைச் சதுரம் இருந்தால் கோளாறு ஏற்றுமதியில். அதில் சரியாக இருந்து கேமில் மட்டும் தவறாகத் தெரிந்தால், மறைந்த நிறத்திலோ இன்ஜின் அமைப்பிலோ கோளாறு.

இரண்டு, படத்துக்கு அடியில் இரண்டு லேயர் போடுங்கள். ஒன்று பளிச்சென்ற ரோஜா நிறம், இன்னொன்று கரும்பச்சை. மாற்றி மாற்றி அணைத்து ஏற்றிப் பாருங்கள். சாம்பல் கட்டங்களின் மேல் வெள்ளை ஓரம் கண்ணுக்குத் தப்பிவிடும். கரும்பச்சை மேல் தப்பாது.

மூன்று, தெரியாத தூசிகளைத் தேடுங்கள். 'லெவல்ஸ்' கருவியைத் திறந்து சேனலில் 'ஆல்ஃபா'வைத் தேர்ந்தெடுத்து, உள்ளீட்டின் வெள்ளை முனையை 255இலிருந்து 1க்கு இழுங்கள். ஆல்ஃபா 1, 2, 3 என்று கிடந்த பிக்சல்கள் எல்லாம் முழுதாக எழுந்து நிற்கும். மென்மையான ரப்பரால் அழித்த படத்தில் நிச்சயம் எதிர்பாராத இடங்களில் கறைகள் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் தூசிதான், படத்தின் எல்லையைத் தானாக வெட்டும்போது ஆட்டோவை விட இரண்டு மடங்கு பெரிய சட்டம் வருவதற்குக் காரணம். பார்த்தபின் அந்த மாற்றத்தை ரத்து செய்துவிட்டு, 'லேயர் > டிரான்ஸ்பரன்சி > ஆல்ஃபா டு செலக்‌ஷன்' கொடுங்கள். பிறகு தேர்வைத் தலைகீழாக்கி, தூசி கிடக்கும் இடங்களைக் கடினமான ரப்பரால் துடையுங்கள்.

ஆல்ஃபாவே தொலைந்துபோனால்

வெள்ளைச் சதுரம், கறுப்புச் சதுரம் வகை இது. சரிசெய்வது எளிது என்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜேபெக் வடிவத்தில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. அதில் சேமித்தால் மறைந்த பகுதிக்கு ஏதாவது ஒரு நிறம் ஏறிவிடும், பிறகு பிஎன்ஜியாக மாற்றினாலும் போனது போனதுதான். வாட்ஸாப்பில் பிஎன்ஜியை சாதாரணப் படமாக அனுப்பினால் எதிர்முனையில் ஜேபெக்காகத்தான் போய்ச் சேரும். கூட்டாகக் கேம் செய்யும் நண்பர்களிடையே ஆல்ஃபா தொலையும் பெரிய வழி இதுதான். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், அல்லது ஜிப் செய்து அனுப்புங்கள். விண்டோஸில் ஒரு மென்பொருளில் காப்பி செய்து இன்னொன்றில் ஒட்டும்போதும் பல நேரம் ஆல்ஃபா விழுந்துவிடும். ஒட்டாதீர்கள், கோப்பாகச் சேமித்துத் திறங்கள்.

ரப்பரால் அழித்தால் கட்டத்துக்குப் பதில் வெள்ளை வருகிறதா? லேயருக்கு ஆல்ஃபா சேனலே இல்லை. கிம்பில் அப்படிப்பட்ட லேயரின் பெயர் தடித்த எழுத்தில் இருக்கும். 'லேயர் > டிரான்ஸ்பரன்சி > ஆட் ஆல்ஃபா சேனல்' கொடுத்தால் தீர்ந்தது. போட்டோஷாப்பில் பூட்டுப் போட்ட 'பேக்கிரவுண்ட்' லேயர் மேல் இரட்டைக் கிளிக் செய்து சாதாரண லேயராக்குங்கள்.

மென்மையாக வரைந்த ஓரம் கொத்திவிட்டதுபோல் வந்தால், படம் 'இண்டெக்ஸ்டு' முறையில், அதாவது ஒரு நிறப் பட்டியலுக்குள் மட்டும் அடங்கும் முறையில், இருக்கிறது என்று பொருள். 'இமேஜ் > மோட் > ஆர்ஜிபி' என்று மாற்றிவிட்டு வரையுங்கள்.

இணையத்திலிருந்து இறக்கிய படத்தில் சாம்பல் கட்டங்கள் தெரிகின்றன, ஆனால் கேமில் அந்தக் கட்டங்களும் சேர்ந்தே வருகின்றன என்றால், அந்தக் கட்டங்கள் படத்திலேயே வரையப்பட்டவை. நிறம் எடுக்கும் கருவியால் கட்டத்தின் மேல் கிளிக் செய்து பாருங்கள். ஆல்ஃபா 255 என்று காட்டினால் அது போலிதான். அதை அழிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். பெரும்பாலும் அந்தப் படத்தைக் கேமில் பயன்படுத்த உரிமையும் இருக்காது. சொந்தமாக வரைந்துவிடுங்கள்.

வெட்டும்போதே ஓரத்தைச் சுத்தமாக வெட்டுதல்

வெள்ளைத் தாளில் வரைந்த மஞ்சள் கூரையின் ஓரத்தை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவில் இளமஞ்சள் பிக்சல்கள் ஒரு வரிசை இருக்கும். ஓரம் பல்பல்லாகத் தெரியாமலிருக்க எடிட்டரே செய்த கலப்பு அது. நீங்கள் வெள்ளையைத் தேர்ந்தெடுத்து அழிக்கும்போது வெள்ளை மட்டும் போகிறது, இளமஞ்சள் நின்றுவிடுகிறது. கறுப்புச் சாலை மேல் அதுதான் வெள்ளைக் கோடாகத் தெரிகிறது. தேர்வுக் கருவியின் 'த்ரெஷோல்ட்' அளவை ஏற்றினால் இளமஞ்சளும் போகும். ஆனால் ஓரம் கரடுமுரடாகிவிடும்.

சரியான வழி, அந்த இளமஞ்சளில் கலந்திருக்கும் வெள்ளையை மட்டும் பிரித்து எடுத்து, அதை ஆல்ஃபாவாக மாற்றுவது. கிம்பில் அதற்கென்றே 'கலர் டு ஆல்ஃபா' இருக்கிறது. ஆனால் முழுப் படத்துக்கும் அதைக் கொடுத்துவிடாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

1. 'ஃபஸி செலக்ட்' கருவியால் வெள்ளைப் பின்னணியைக் கிளிக் செய்யுங்கள். சக்கரங்களுக்கு நடுவே, கைப்பிடிக்கு உள்ளே என்று அடைபட்ட வெள்ளைத் துண்டுகளை ஷிஃப்ட் அழுத்தியபடி கிளிக் செய்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. 'செலக்ட் > குரோ' கொடுத்து 2 பிக்சல் விரிவாக்குங்கள். இப்போது தேர்வு இளமஞ்சள் வரிசையைத் தாண்டி ஆட்டோவின் உடம்புக்குள் கொஞ்சம் நுழைந்திருக்கும்.

3. 'கலர்ஸ் > கலர் டு ஆல்ஃபா' திறந்து வெள்ளையைத் தேர்ந்தெடுத்து உறுதிசெய்யுங்கள்.

பின்னணி முழுக்க மறைந்துவிடும். இளமஞ்சளாக இருந்தவை அரைகுறை ஆல்ஃபா உள்ள முழு மஞ்சளாக மாறியிருக்கும். கரும்பச்சை லேயர் மேல் வைத்துப் பாருங்கள், கோடு இருக்காது.

இந்த முறை எங்கே இடறும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நிறத்தின் மூன்று எண்களில் வெள்ளையிலிருந்து எது மிகவும் தள்ளி இருக்கிறதோ, அதை வைத்துத்தான் இந்தக் கருவி ஆல்ஃபாவைக் கணக்கிடுகிறது. கூரையின் மஞ்சள் 255, 200, 0. நீலம் 0, அதாவது வெள்ளையிலிருந்து முழுத் தூரம். அதனால் ஆல்ஃபா 255, கூரைக்கு ஒரு கீறலும் விழாது. ஆனால் வெள்ளி நிற பம்பர் 200, 200, 200. வெள்ளையிலிருந்து தூரம் வெறும் 55. அதனால் பம்பர் ஆல்ஃபா 55 உள்ள கறுப்பாக மாறிவிடும். கேமில் பம்பரின் ஓரம் வழியாகச் சாலை தெரியும். சாம்பல், வெள்ளி, வெள்ளை நிற உறுப்புகள் ஓரத்தில் வரும் இடங்களில் மட்டும் தேர்விலிருந்து அந்தப் பகுதியைக் கழித்துவிட்டு, பாதைக் கருவியால் கையால் வெட்டுங்கள். கிம்ப் 2.10 முதல் இதே பெட்டியில் இரண்டு த்ரெஷோல்ட் அளவுகள் இருக்கின்றன. 'ஒபாசிட்டி த்ரெஷோல்ட்'டைக் குறைத்தால் பம்பர் மாதிரி இடங்கள் ஓரளவு தப்பும்.

இதற்கெல்லாம் முன்யோசனையாக ஒன்று செய்யலாம். ஆட்டோவை வெள்ளைத் தாளில் வரையாமல், தொடக்கத்திலேயே டிரான்ஸ்பரன்ட் லேயரில் வரையுங்கள். புதிதாக வரையும் எல்லாவற்றுக்கும் இதைத்தான் வலியுறுத்துவேன். வெட்டும் வேலையே வராது.

போட்டோஷாப்பில் வெட்டியபின் வெள்ளை ஓரம் மிஞ்சினால் 'லேயர் > மேட்டிங் > ரிமூவ் ஒயிட் மேட்' கொடுங்கள். கறுப்புப் பின்னணியிலிருந்து வெட்டியிருந்தால் 'ரிமூவ் பிளாக் மேட்'. வேறு நிறப் பின்னணி என்றால் 'டிஃப்ரிஞ்ச்', 1 பிக்சல்.

மறைந்த நிறம்

ஓரத்தைச் சுத்தமாக வெட்டியாயிற்று, எடிட்டரில் எந்தப் பின்னணியிலும் கோடு இல்லை. "அண்ணா, லேப்டாப்ல சூப்பரா இருக்கு. ஃபோன்ல போட்டா மட்டும் கோடு வருது" என்று ஒரு தம்பி வந்து நின்றால், அவன் ரப்பரால் தீர்க்க முடியாத இடத்துக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம்.

ஃபோனில் படம் அதன் சொந்த அளவில் நிற்பதில்லை. பெரிதாகும், சிறிதாகும், அரைப் பிக்சல் நகரும். அப்போது இன்ஜின் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புதுப் பிக்சல் உண்டாக்குகிறது. கூரையின் கடைசிப் பிக்சல் 255, 200, 0, ஆல்ஃபா 255. அதற்கு வெளியே மறைந்த பிக்சல் 255, 255, 255, ஆல்ஃபா 0. இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால் சுமாராக 255, 228, 128, ஆல்ஃபா 128. அரைகுறையாகத் தெரியும் வெளிறிய மஞ்சள். அதுதான் வெள்ளைக் கோடு. மறைந்த பிக்சல் கறுப்பாக இருந்திருந்தால் 128, 100, 0, ஆல்ஃபா 128. அது கறுப்புக் கோடு. மறைந்த பிக்சலும் 255, 200, 0 ஆகவே இருந்திருந்தால்? கலந்தாலும் அதே மஞ்சள், ஆல்ஃபா மட்டும் பாதி. கோடே இல்லை.

ஆகவே செய்யவேண்டியது, ஓரத்து நிறத்தை மறைந்த பகுதிக்குள்ளும் சில பிக்சல் தூரத்துக்குப் பரப்பிவிடுவது. கிம்பில் மறைந்த நிறத்தைக் கண்ணால் பார்க்கவும் திருத்தவும் நல்ல வழி இருக்கிறது:

1. எல்லாவற்றையும் ஒரே லேயராக்குங்கள். மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

2. 'லேயர் > மாஸ்க் > ஆட் லேயர் மாஸ்க்' திறந்து, 'டிரான்ஸ்ஃபர் லேயர்ஸ் ஆல்ஃபா சேனல்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க் என்பது லேயரில் எந்த இடம் எவ்வளவு தெரியவேண்டும் என்று காட்டும் கறுப்புவெள்ளைப் படம். ஆல்ஃபா முழுவதும் அதற்குள் போய்விடும்.

3. கண்ட்ரோல் அழுத்தியபடி மாஸ்க் சிறுபடத்தைக் கிளிக் செய்து மாஸ்க்கை அணையுங்கள். இதுவரை மறைந்திருந்த நிறமெல்லாம் வெளியே வரும். அழித்துவிட்டதாக நினைத்த பழைய கோடுகள், வெள்ளைத் தாள் எல்லாம் தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் அசந்துபோவார்கள்.

4. மாஸ்க்கை விட்டு, படத்தின் சிறுபடத்தைக் கிளிக் செய்துகொள்ளுங்கள். கூரைக்கு வெளியே மஞ்சள், உடம்புக்கு வெளியே பச்சை, டயருக்கு வெளியே கறுப்பு என்று தாராளமாகப் பூசுங்கள். நேர்த்தி வேண்டாம். 8 முதல் 16 பிக்சல் அகலம் போதும். மீதி வெளி முழுவதையும் ஆட்டோவின் பொதுவான நிறத்தால் நிரப்பினாலும் சரி.

5. மாஸ்க்கை மீண்டும் ஏற்றி, 'அப்ளை லேயர் மாஸ்க்' கொடுங்கள்.

6. பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யும் பெட்டியில் 'சேவ் கலர் வேல்யூஸ் ஃப்ரம் டிரான்ஸ்பரன்ட் பிக்சல்ஸ்' என்பதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். இதை விட்டால் இவ்வளவு நேரம் பூசியது எல்லாம் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கை. பிஎன்ஜி கோப்பைச் சிறிதாக்கும் கருவிகள் பல, தெரியாத பிக்சலுக்கு நிறம் எதற்கு என்று அதைத் துடைத்துவிடும். சில கருவிகள் படத்தையே 256 நிறத்துக்குக் குறைத்துவிடும். பரப்பிய நிறம் தேவைப்படும் படங்களை அவற்றில் போடாதீர்கள்.

இன்ஜினே இந்தப் பரப்பலைச் செய்யவும் வழி உண்டு. கோடோவில் படத்தின் இம்போர்ட் பக்கத்தில் 'ஃபிக்ஸ் ஆல்ஃபா பார்டர்' இருக்கிறது, வழக்கமாக ஏற்றப்பட்டே இருக்கும். யூனிட்டியில் 'ஆல்ஃபா இஸ் டிரான்ஸ்பரன்சி'. ஒரு தனி ஆட்டோவுக்கு இவை போதும். பழைய கேமுக்காகவோ, சொந்தமாக எழுதிய இன்ஜினுக்காகவோ செய்கிறீர்கள் என்றால் கையால் பரப்பத் தெரிந்திருக்கவேண்டும்.

முன்பெருக்கிய ஆல்ஃபா

'ப்ரீமல்டிப்ளைடு' என்ற சொல்லை இன்ஜின் அமைப்புகளில் பார்த்திருப்பீர்கள். ஆல்ஃபா என்ற எண்ணத்தை 1970களின் கடைசியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் எட் கேட்மலும் ஆல்வி ரே ஸ்மித்தும் உருவாக்கினார்கள். 1984இல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் கணக்கை எழுதியபோது, நிறத்தை முன்கூட்டியே ஆல்ஃபாவால் பெருக்கி வைத்துக்கொள்வதுதான் வசதி என்று காட்டினார்கள். அரைகுறை மஞ்சளை 255, 200, 0, 128 என்று வைப்பதற்குப் பதில் 128, 100, 0, 128 என்று வைப்பது. இப்படி வைத்தால் மறைந்த பிக்சல் எப்போதும் 0, 0, 0, 0. கலக்கும்போது தவறான நிறம் கசிய வழியே இல்லை. ஓரக் கோட்டுக்கு உண்மையான தீர்வு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பிஎன்ஜி கோப்பின் விதிப்படி நிறம் பெருக்கப்படாமல்தான் இருக்கவேண்டும். பெருக்கும் வேலையை இம்போர்ட் நேரத்தில் இன்ஜின் செய்யட்டும். படம் ஒரு முறையிலும் இன்ஜின் இன்னொரு முறையிலும் இருந்தால் வரும் அறிகுறிகள் தெளிவானவை. பெருக்கிய படத்தைச் சாதாரண முறையில் வரைந்தால் ஓரமெல்லாம் இருண்டுபோகும், புகை அழுக்காகும். சாதாரணப் படத்தைப் பெருக்கியதாக எண்ணி வரைந்தால் ஓரம் விளக்கு எரிவதுபோல் பளபளக்கும். இப்படி வந்தால் எடிட்டரைத் தொடாதீர்கள். இன்ஜினின் 'பிளெண்ட் மோட்' எது, பல படங்களை ஒன்றாக அடுக்கும் பேக்கிங் கருவியில் 'ப்ரீமல்டிப்ளை ஆல்ஃபா' டிக் ஆகியிருக்கிறதா என்று இரண்டையும் ஒப்பிட்டு ஒரே முறைக்குக் கொண்டுவாருங்கள்.

கண்ணாடி, புகை, நிழல்

ஆட்டோவின் முன்கண்ணாடியை ஆல்ஃபா 90 வைத்து அதே லேயரில் வரைந்தால், அதன் வழியாகச் சாலைதான் தெரியும். ஏனென்றால் அந்த இடத்தில் டிரைவரே வரையப்படவில்லை. டிரைவரும் இருக்கையும் முழு ஆல்ஃபாவில் ஒரு லேயர், அதன் மேல் கண்ணாடியின் இளநீலம் ஒரு லேயர். டிரைவர் அசையாதவர் என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக்கிவிடலாம். அப்போது கண்ணாடிப் பகுதியின் ஆல்ஃபா 255 ஆகவே இருக்கும். டிரைவர் தலையைத் திருப்பவேண்டும் என்றால் கண்ணாடியைத் தனிப் படமாக ஏற்றுமதி செய்து, கேமில் டிரைவருக்கு மேல் அடுக்குங்கள்.

புகைக்கு நான் விரும்பும் முறை: நிறம் முழுக்க ஒரே சாம்பல், வடிவத்தை ஆல்ஃபா மட்டும் சுமக்கட்டும். மேலே சொன்னபடி ஆல்ஃபாவை மாஸ்க்குக்கு மாற்றி, லேயர் முழுவதையும் ஒரே சாம்பலால் நிரப்பி, மாஸ்க்கை அப்ளை செய்துவிடுங்கள். மறைந்த நிறப் பிரச்சினை அடியோடு போகும்.

நிழல் எடிட்டரில் சரியாக இருந்து கேமில் வெளிறித் தெரிந்தால், கலக்கும் கணக்கு வேறுபடுகிறது. வெள்ளைத் தரை மேல் 50 சதவீதக் கறுப்பு நிழலைப் போட்டோஷாப் வழக்கமான அமைப்பில் 128 என்ற சாம்பலாகக் காட்டும். 'லீனியர்' முறையில், அதாவது உண்மையான ஒளி அளவை வைத்து நிறங்களைக் கலக்கும் முறையில், இயங்கும் இன்ஜினில் அது 188 ஆக வரும். படத்தில் கோளாறு எதுவும் இல்லை. நிழலின் ஆல்ஃபாவைக் கேமுக்குள் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

பிக்சல் ஆர்ட்

ஒவ்வொரு பிக்சலும் தனியாகத் தெரியும்படி வரையும் இந்தப் படங்களுக்கு வழி சுலபம், கட்டுப்பாடு அதிகம். ஆல்ஃபா 0 அல்லது 255, நடுவில் எதுவும் வேண்டாம். பிரஷ்ஷுக்குப் பதில் பென்சில் கருவி, ரப்பரில் 'ஹார்ட் எட்ஜ்', தேர்வுக் கருவியில் 'ஆன்டிஅலியாசிங்' அணைப்பு, அளவு மாற்றும்போது இன்டர்பொலேஷன் 'நன்'. ஏற்கெனவே கலங்கிப்போன படத்துக்கு 'லேயர் > டிரான்ஸ்பரன்சி > த்ரெஷோல்ட் ஆல்ஃபா' கொடுத்து நடுத்தர ஆல்ஃபாவை நீக்குங்கள். இன்ஜினில் ஃபில்டரை 'நியரஸ்ட்' ஆக்குங்கள்.

பழைய கேம்களின் படங்களைத் திருத்தும்போது

பழைய கேம்கள் பலவற்றில் ஆல்ஃபாவே கிடையாது. 255, 0, 255 என்ற ரோஜா நிறத்தைக் கண்டால் அதை வரையாதே என்பதுதான் விதி. அந்த எண் அச்சாக அப்படியே இருக்கவேண்டும். மென்மையான பிரஷ் பட்டு 250, 8, 247 ஆகிவிட்ட பிக்சல் கேமில் ரோஜாப் புள்ளியாகத் தெரியும். ஆகவே மேலே சொன்ன பிக்சல் ஆர்ட் கட்டுப்பாடுகள் எல்லாம் இங்கேயும் பொருந்தும். ஜேபெக் பக்கமே போகக்கூடாது. ஆர்பிஜி மேக்கர் 2000, 2003 இரண்டிலும் படம் 256 நிற இண்டெக்ஸ்டு முறையில் இருக்கவேண்டும். நிறப் பலகையின், அதாவது அந்த 256 நிறங்களின் பட்டியலின், முதல் நிறமான 0ஆம் எண் மறைந்ததாகக் கொள்ளப்படும். ஆர்ஜிபிக்கு மாற்றித் திருத்திவிட்டு மறுபடி இண்டெக்ஸ்டுக்குக் கொண்டுவந்தால் பலகை வரிசை மாறிவிடும். 0ஆம் இடத்தில் பின்னணி நிறம்தான் இருக்கிறதா என்று 'கலர்மேப்' பெட்டியில் பார்த்து, இல்லையென்றால் வரிசையைத் திருத்துங்கள்.

கேம்கள் படங்களைச் சுருக்கி வைக்கும் டிடிஎஸ் கோப்புகளில் எந்தச் சுருக்கமுறை என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எல்லா முறைகளும் படத்தை 4க்கு 4 பிக்சல் கட்டங்களாக வெட்டுகின்றன. டிஎக்ஸ்டி1இல் ஆல்ஃபா உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். மறைந்த பிக்சல் கறுப்பாகவும் ஆகிவிடும். டிஎக்ஸ்டி3இல் ஆல்ஃபாவுக்கு 16 படிகள். கூர்மையான ஓரத்துக்குச் சரி, புகைக்குப் போட்டால் வரிவரியாகத் தெரியும். புகை, கண்ணாடி, நிழல் எல்லாவற்றுக்கும் டிஎக்ஸ்டி5. 1024க்கு 1024 அளவுள்ள படம் டிஎக்ஸ்டி1இல் 512 கேபி, டிஎக்ஸ்டி5இல் 1 எம்பி, சுருக்காமல் 4 எம்பி. இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று டிஎக்ஸ்டி5 படத்தை டிஎக்ஸ்டி1 ஆகச் சேமித்துவிடாதீர்கள். மூலக் கோப்பு எந்த முறையில் இருந்ததோ அதிலேயே திருப்பிச் சேமியுங்கள்.

இன்னொன்று, கேம் கோப்பைத் திறந்ததும் படமே காணவில்லை, பேய்போல மங்கலாகத் தெரிகிறது என்று பயப்படுவார்கள். பல கேம்கள் ஆல்ஃபா சேனலில் டிரான்ஸ்பரன்சியை வைப்பதில்லை. எந்த இடம் எவ்வளவு பளபளக்கவேண்டும் என்ற தகவலை வைக்கின்றன. எடிட்டருக்கு அது தெரியாது. ஆல்ஃபாவை நீக்கிவிட்டுத் திருத்திச் சேமித்தால் கேமில் வண்டி முழுக்கக் கண்ணாடிபோல மின்னும், அல்லது மண்ணாகத் தெரியும். இங்கேயும் அதே மாஸ்க் வழிதான் கைகொடுக்கும்: ஆல்ஃபாவை மாஸ்க்குக்கு மாற்றுங்கள், மாஸ்க்கை அணையுங்கள், நிறத்தைத் திருத்துங்கள், மாஸ்க்கை ஏற்றி அப்ளை செய்யுங்கள். டிஜிஏ வடிவப் படக் கோப்பைப் போட்டோஷாப்பில் சேமிக்கும்போது லேயரின் டிரான்ஸ்பரன்சியை நம்பாதீர்கள். சேனல்ஸ் பகுதியில் 'ஆல்ஃபா 1' என்று தனியாக உண்டாக்கி, 32 பிட்டாகச் சேமியுங்கள்.

ஒரே தாளில் பல படங்கள், தூரத்தில் மரங்கள்

ஆட்டோ, பஸ், மாடு, தள்ளுவண்டி எல்லாவற்றையும் ஒரே அட்லஸில், அதாவது பல படங்கள் சேர்ந்த ஒரே பெரிய படத்தில், அடுக்கும்போது, ஆட்டோவின் சக்கரத்துக்குக் கீழே பஸ்ஸின் நீலம் ஒரு கோடாக வந்தால் அது பக்கத்துப் படத்தின் கசிவு. படங்களுக்கு நடுவே குறைந்தது 2 பிக்சல் இடைவெளி விடுங்கள். மிப்மேப், அதாவது தூரத்தில் காட்டுவதற்காகப் பாதிபாதியாகச் சிறிதாக்கிய நகல்கள், போடுகிறீர்கள் என்றால் 8 அல்லது 16 விடுவது நல்லது. சாலை, சுவர் மாதிரி விளிம்பு வரை நிறைந்த துண்டுகளுக்கு வெற்று இடைவெளி உதவாது. பேக்கிங் கருவியின் 'எக்ஸ்ட்ரூட்' வசதியால் விளிம்புப் பிக்சலையே வெளியே நீட்டுங்கள்.

மரம்தான் கடைசிக் கஷ்டம். கப்பன் பார்க் ஓரமாக ஆட்டோ ஓடுகிற காட்சிக்குப் பூத்துக் குலுங்கும் இளஞ்சிவப்பு தபேபூயாவை ஃபோனில் படமெடுத்து வெட்டுகிறீர்கள். பின்னணி வானம், அதனால் பூக்களின் ஓரமெல்லாம் நீலம் கலந்திருக்கும். 'கலர் டு ஆல்ஃபா'வில் வெள்ளைக்குப் பதில் அந்த வான நீலத்தையே எடுத்து, முன்சொன்ன விரிவாக்கிய தேர்வோடு கொடுங்கள். மறைந்த பகுதி முழுவதையும் பூவின் இளஞ்சிவப்பால் நிரப்பிவிடுங்கள்.

அடுத்து, கிட்ட நிற்கும்போது அடர்த்தியாக இருந்த மரம் தூரம் போகப் போக மொட்டையாகும். இதற்குக் காரணம் மிப்மேப். இலைகளுக்குப் பெரும்பாலும் 'கட்அவுட்' முறைதான் பயன்படும்; ஆல்ஃபா பாதிக்கு மேல் இருந்தால் வரை, இல்லையென்றால் விடு. ஒரு பிக்சல் அகலக் காம்பு முதல் மிப்பில் சராசரியாகி ஆல்ஃபா 128 ஆகும், அடுத்ததில் 64 ஆகும். பாதிக்குக் கீழே போனதும் காம்பு காணாமல் போகும். யூனிட்டியில் 'மிப்மேப்ஸ் ப்ரிசர்வ் கவரேஜ்' என்ற அமைப்பு இதற்காகவே இருக்கிறது. அது இல்லாத இன்ஜினில் கட்அவுட் வரம்பை 0.5இலிருந்து 0.3 பக்கம் இறக்கிப் பாருங்கள். அதுவும் போதாதென்றால் ஆல்ஃபாவை மாஸ்க்காக எடுத்து 1 பிக்சல் தடிமனாக்குங்கள்; கிம்பில் 'ஃபில்டர்ஸ் > ஜெனரிக் > டைலேட்'. தடித்த பகுதிக்கு அடியில் நிறம் வேண்டுமே என்று கவலை வேண்டாம், இளஞ்சிவப்பை ஏற்கெனவே நிரப்பிவிட்டோம்.